பின் சீட்டில் வருகிறேன்

என்னங்க,

குளியலறைக் கதவைச் சாத்தாதீர்கள். நேற்று நான் அறைந்து சாத்தியதில் கழன்ற உள்பக்கக் கைப்பிடி மேசை மேல் இருக்கிறது. வீட்டில் தனியாகத்தானே இருக்கிறீர்கள், திறந்து வைத்தே குளியுங்கள். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நீங்கள் காரை நிறுத்திய விதத்துக்கு நான் அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம். பயிற்சிப் பள்ளியில் நாள் முழுக்க கார் ஓட்டப் பழகுகிறவர்கள் பக்கத்தில் பிரேக்கில் கால் வைத்தே உட்கார்ந்து பழகிவிட்டது. நம் காரில் என் பக்கம் பிரேக் இல்லாததால் வாய் முந்திக்கொள்கிறது.

நீங்கள் சொன்னபடி கோபத்துக்கு ஆலோசகரைத் தேடினேன். முதல் இடத்தில் போனில் காத்திருக்கச் சொன்னார்கள். நான் போட்ட சத்தத்தில் அவர்களே வைத்துவிட்டார்கள். இரண்டாவது இடத்து ஆலோசகர் அம்மா என் குரலைக் கேட்டதுமே, "மேடம், உங்ககிட்டதான் கார் ஓட்டக் கத்துக்கிட்டேன். இன்னைக்கும் ரிவர்ஸ் எடுத்தா உங்க குரல்தான் காதுல கேக்குது" என்றார். பெருமையாக இருந்தது. "அதுக்காக நானே இன்னொரு ஆலோசகர்கிட்ட போயிட்டிருக்கேன்" என்றார்.

இருந்தாலும் இன்று மாலை வரச் சொன்னார். "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

"அவருக்குக் கோபமே வராதே, அவர் எதுக்கு?"

"அது எப்படின்னு அவர்கிட்ட கேக்கணும்."

ஐந்து மணிக்கு பயிற்சிப் பள்ளி வாசலுக்கு வந்துவிடுங்கள். நீங்களே ஓட்டுங்கள். நான் பின் சீட்டில் வாயைத் திறக்காமல் வருகிறேன்.

பி.கு: வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இடது பக்கக் கண்ணாடியையும் பாருங்கள். கத்தவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.