சத்தமாக எண்ணுகிறோம், அண்ணி

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் அங்கே நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போனவர் அங்கே நன்றாகவும் இருந்தால் எனக்குக் கோபம் வரும். அதனால் சுமாராக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்களும் சுமார்தான்.

எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று யோசிக்காதீர்கள். கடையில் தடித்த பேனா ஒன்று கேட்டு வாங்கினேன். சுவரில் விளம்பரம் எழுதவா என்று கேட்டார் கடைக்காரர். இல்லை, அண்ணிக்குக் கடிதம் எழுத என்றேன். இதை உங்கள் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லக் கூடாது, நீங்களே படிக்க வேண்டும். போன் செய்தால் எப்போதும் அவள்தான் எடுக்கிறாள். "அம்மா தூங்குறாங்க அத்தை" என்கிறாள். பட்டப்பகலில் நீங்கள் தூங்கி, இந்த வீட்டுக்கு நீங்கள் வந்த நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தீர்கள், நம்பும்படி பொய் சொல்ல மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணனுக்கு உடம்பு சரியாக இருக்கிறது. சமையல்தான் சரியில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. என்ன அண்ணா என்று கேட்டால், "வெந்ததும் தெரியும்" என்றார். வாசலில் கிடந்த உங்கள் பழைய செருப்பை எடுத்து உள்ளே வைத்திருக்கிறார், தூசி படிகிறதாம். தூசி என்றால் என்னவென்று அவருக்கு இத்தனை வயதில் இப்போதுதான் தெரிந்திருக்கிறது. நான் கிளம்பும்போது, "அவ உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். முகம் சின்னதாகிவிட்டது.

இனி நம் அறைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த நிர்வாக அதிகாரிக்கு அங்கே என்ன வேலை நடக்கிறது என்றே தெரியாது, அண்ணி. கீழ்த்தளத்தில் நாங்கள்தான் ஆபரேஷனுக்குப் போகிற கத்தி, கத்தரி, ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, ட்ரேயில் அடுக்கிக் கட்டி, நீராவி இயந்திரத்தில் ஏற்றி, மேலே தியேட்டருக்கு அனுப்புகிறோம் என்று நானே போய் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. ஓ, அதுல இவ்வளவு வேலை இருக்கா என்று கேட்டார். என் வாய் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அதைப் பூட்டி வைத்திருந்தேன், ஏனென்றால் நான் போனது உங்கள் விஷயமாக.

அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும் என்று நினைப்பீர்கள். பாதிதான் தெரியும். வயிற்று ஆபரேஷனுக்கு நீங்கள் கட்டிய ட்ரே போனது. தியேட்டர் சிஸ்டர் அவசரத்தில் ட்ரேயை எண்ணாமல், அட்டையில் எழுதியிருந்த கணக்கைப் பார்த்துச் சரி என்று குறித்துவிட்டார். எல்லாம் முடிந்து எண்ணிப் பார்த்தால் கிளாம்ப் ஒன்று அதிகம். குறைந்தால்தானே பயம், கூடினால் என்ன என்று வெளியாள் கேட்பான். ஒரு கணக்கு தப்பென்றால் மொத்தக் கணக்கையும் நம்ப முடியாதே. தையல் போடாமல் நிறுத்தி, எக்ஸ்ரே எடுத்து, எல்லாவற்றையும் திரும்ப எண்ணி முடிக்கும்வரை அந்த மனிதர் மயக்கத்தில் கிடந்தார். நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார். அதைக் கேட்காமல் உங்களுக்குச் சோறு இறங்கியிருக்காது என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மேலே சர்ஜன் முன்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அதிகாரி கீழே வந்திருக்கிறார். யார் கட்டின ட்ரே, எனக்கு ஒரு பேர் வேணும் என்றாராம். மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் நீங்கள், "நான்தான் சார்" என்று சொல்லி, ஏப்ரனைக் கழற்றி, மடித்து, என் நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். நான் இறங்கி வந்தபோது அது மட்டும் இருந்தது. அதன் மேல் உட்காரவும் முடியவில்லை, எடுத்து வேறிடத்தில் வைக்கவும் முடியவில்லை. இன்றுவரை ஸ்டூலில்தான் உட்காருகிறேன், முதுகு வலிக்கிறது.

மறுநாள் எல்லோரையும் மேசையைச் சுற்றி நிற்க வைத்தேன். என்ன நடந்தது என்று கேட்டேன். ஒருவரும் பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? நம் அறையின் வழக்கம் அப்படி. அடுத்தவர் தப்பைக் கண்டால் சொல்லிக்காட்டக் கூடாது, சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டுப் போக வேண்டும். மற்ற பிரிவுகளில் தினம் ஒரு சண்டை, நம் அறையில் மட்டும் குரல் உயராது என்று எத்தனை மீட்டிங்கில் நான் மார்தட்டியிருக்கிறேன்! ஓயாமல் பேசி ரேடியோ என்று பேர் வாங்கியவளே அன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எனக்குத் தோன்றியது. தலைவி என்று நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், முதலில் வாயை நான்தான் திறக்க வேண்டும். சொன்னேன். ட்ரேயில் ஒரு கிளாம்ப் குறைந்தது, அண்ணி பார்க்காத நேரம் நான் ஒன்று எடுத்து வைத்தேன் என்றேன். கழுவும் தொட்டிப் பக்கமிருந்து மௌனசாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் வாயிலிருந்து முழு வாக்கியம் வந்து எவ்வளவு நாளாகிறது! "நானும் ஒண்ணு வெச்சேன் மேடம்" என்றார். குறைவதை எனக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறார். அலமாரிக்குப் போய் எடுத்துவருவதற்குள் நான் வைத்துவிட்டேன். அவர் திரும்ப எண்ணாமல் தன் பங்குக்கு ஒன்றை வைத்துவிட்டுப் போய்விட்டார். இதுதான் நடந்தது, அண்ணி. உங்கள் ட்ரே ஒன்று குறைந்துதான் இருந்தது. அதை அதிகமாக்கியது எங்கள் இரண்டு பேருடைய பாசம்.

ரேடியோ அழ ஆரம்பித்தாள். தானும் இதுபோல எத்தனையோ முறை செய்திருப்பதாகச் சொன்னாள். அதன் பிறகு ஆளாளுக்குச் சொன்னார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் நீங்கள் ட்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நெட்டைக் கிளாம்ப் எது குட்டைக் கிளாம்ப் எது என்று விரலால் தடவிப் பிரிப்பதைப் பார்த்திருக்கிறோம். எங்களுக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். இத்தனை பேர் இருக்கிற அறையில், "அண்ணி, உங்க கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. அதற்கு மரியாதை என்று பேர் வைத்திருந்தோம். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

எனக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதவி முறைப்படி உங்களுக்கு வர வேண்டியது. எனக்கு வந்தது. அண்ணி இருக்கும்போது நாத்தனாருக்கா என்று காரிடாரில் பேசினார்கள். நீங்கள் அன்று எல்லார் முன்னாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம்" என்று கும்பிடு போட்டுச் சிரிக்க வைத்தீர்கள். மற்றவர்கள் வாயும் அதோடு அடைபட்டது. அப்படிப்பட்டவரிடம் போய் எந்த வாயால் குறை சொல்வது என்று தள்ளிப்போட்டேன். வீட்டில் நீங்கள் என்னை 'வாடி போடி' என்கிறீர்கள், வேலையில் 'மேடம்' என்கிறீர்கள். இரண்டில் எந்த ஆளாக நின்று சொல்வது என்று எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது பிடிபட்டுவிட்டது. அதிகாரியிடம் போனேன், மௌனசாமியும் கேட்காமலே கூட வந்தார். நீங்கள் ஒரு பேர் கேட்டீர்கள், நான் இரண்டு பேர் கொண்டுவந்திருக்கிறேன், முதல் பேர் என்னுடையது என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். அப்ப அந்தம்மா மேல தப்பே இல்லையா என்றார். இருக்கிறது, ஒன்று குறைத்தார், ஆனால் அது இரண்டு மாடி ஏறினால் நம் கண் டாக்டரே சரிசெய்யக்கூடிய தப்பு, எங்களுடையதைச் சரிசெய்ய டாக்டர் இல்லை என்றேன். எனக்கும் மௌனசாமிக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன், வருத்தமில்லை. நீங்கள் தபாலில் அனுப்பிய ராஜினாமாவை மாத முடிவுவரை ஏற்க மாட்டேன் என்று அவர் வாயால் சொல்லியிருக்கிறார். அதற்குள் நீங்கள் வரவில்லை என்றால் அவர் கையெழுத்துப் போடுவார், நான் தடுக்க முடியாது.

அறையில் வழக்கத்தை மாற்றிவிட்டேன். இப்போது ஒருவர் கட்டுகிறார், எதிரே நின்று இன்னொருவர் வாய்விட்டு எண்ணுகிறார். தப்பு இருந்தால் அங்கேயே, எல்லார் காதிலும் விழ, சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒரே ரகளை. "என்னையே சொல்றியா" என்று ரேடியோ ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மறுநாள் என் தப்பைக் கண்டுபிடித்து அவள் போட்ட கூச்சல் தியேட்டர்வரை கேட்டது, அதோடு சமாதானமாகிவிட்டாள். மௌனசாமிதான் நன்றாக எண்ணுகிறார். பாட்டுப் பாடுகிற குரல், அண்ணி. இத்தனை காலம் எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ. நம் அறை இப்போது சந்தை மாதிரி இருக்கிறது. மீட்டிங்கில் மார்தட்ட ஒன்றுமில்லை. ஆனால் கணக்குத் தப்பு என்று ஒரு ட்ரேகூடத் திரும்பி வரவில்லை.

இனி மேடமாகப் பேசுகிறேன், கேளுங்கள். கண்ணைச் சரிசெய்யாமல் உங்களை மேசையில் நிற்கவிட மாட்டேன். அண்ணன் வந்து கேட்டாலும் விட மாட்டேன். அதுவரை ஜன்னலில் நின்று ட்ரே வாங்கி, கொடுத்து அனுப்புகிற வேலை உங்களுக்கு. யார் என்ன சொல்வார்களோ என்று பார்க்காதீர்கள், சொல்ல வேண்டியதை எல்லாம் நாங்களே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவோம். கண் டாக்டரிடம் கேட்டேன். கண்புரைதான் என்று நினைக்கிறார், பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டாராம். வருகிற வியாழக்கிழமை காலையில் உங்களைப் பார்க்க நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். அண்ணன் பஸ் நிலையத்துக்கு வருவார். புதன்கிழமை வண்டிகள் எல்லாவற்றுக்கும் வந்து நிற்பார் போலிருக்கிறது.

இனி நாத்தனாராக. நீங்கள் ஏன் இத்தனை நாள் கண்ணைக் காட்டவில்லை என்று எனக்குத் தெரியும். செலவுக்குப் பயந்தும் இல்லை, நேரம் இல்லாமலும் இல்லை. ஆபரேஷன் மேசைக்கு என்ன போகிறது, அது யார் கையால் போகிறது என்று உள்ளே இருப்பவளுக்குத்தான் தெரியும். மேலே படுப்பவர்கள் டாக்டரை நினைத்துப் பயப்படுவார்கள், நீங்கள் ட்ரேயை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

அதனால் சொல்கிறேன். ஆபரேஷன் என்று முடிவானால், உங்கள் ட்ரேயை நான் கட்டுகிறேன். கண் ட்ரேயில் எல்லாம் பொடிப்பொடிக் கருவிகள், எனக்குப் பிடிக்காத வேலை, ஆனாலும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன். எதிரே நின்று மௌனசாமி எண்ணுவார். இப்போது ஒவ்வொரு கட்டின் மேலும் கட்டியவர் பேரும் எண்ணியவர் பேரும் எழுதுகிறோம். தியேட்டருக்குள் போகும்போது சிஸ்டரை நிறுத்தி, அந்தப் பேர்களை உங்களுக்குப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

அன்றைக்கு நான் கிளாம்பை வைத்தபோது நீங்கள் எனக்கு முதுகைக் காட்டி நின்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து மௌனசாமி வைத்தபோதும் அப்படியே நின்றிருக்கிறீர்கள். எஃகு மேல் எஃகு விழுகிற சத்தம் உங்கள் காதுக்குத் தப்பியிருக்காது. அந்த ட்ரேயில் யார் கை பட்டது என்று தெரிந்துதான் அதிகாரியிடம் "நான்தான் சார்" என்றீர்களா என்று நான் கேட்க மாட்டேன், நீங்களும் சொல்ல வேண்டாம். வந்துவிடுங்கள், அது போதும். இந்த முறை ஒவ்வொரு சத்தத்தோடும் எங்கள் குரலும் உங்களுக்குக் கேட்கும்.

நாற்காலியில் உங்கள் ஏப்ரனோடும், ஸ்டூலில் முதுகுவலியோடும் காத்திருக்கும்,
உங்கள் நாத்தனார்