செத்தவர் கொடுத்த பவர்

ஏங்க,

நேற்று நான் சொல்ல வந்தபோது, "மெல்கியாஸ் அண்ணாச்சி நம்ம ஆளு, நீ பேசாம இரு ஏளா" என்று கத்தினீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

நாம் வாங்கப்போகும் மனையை விற்க அண்ணாச்சிக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்த, மனைக்குச் சொந்தக்காரரான பெரியவர் போன வருஷமே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பவர் செல்லாது என்கிறார் வக்கீல். ஆலந்தலையில் பெரியவரின் மகளைப் பார்த்தேன். "எங்க அப்பா எடத்த நாங்க யாருக்கும் விக்கலையே அக்கா" என்று பதறிப்போய், இறப்புச் சான்றிதழின் நகலைக் கொடுத்தாள். ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன்.

பத்து மணிக்கு அண்ணாச்சி அக்ரிமென்டோடு வருவார். நகலைக் காட்டிக் கேளுங்கள். கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

சாளை மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது. என் மேல் உள்ள கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள்.

பிளாரன்ஸ்

பி.கு. பதினாறு வருஷம் கப்பலில் கிடந்து சம்பாதித்தது நீங்கள். அதற்குத்தான் இவ்வளவு சண்டை போடுகிறேன். உங்கள் ஆதார் கார்டு என் கைப்பையில் இருக்கிறது, தேடாதீர்கள்.