கொட்டாஞ்சேனைக் குரல்

ஐப்பசி, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. பங்கீட்டுக் கூப்பன் அரிசியில் பாதி கல்.

மதராசிலிருந்து கொழும்புக்கு, வெள்ளவத்தையில் என் அண்ணா வீட்டுக்கு நாங்கள் வந்தது ஓய்வுக்கு. இவர்தான் அப்படிச் சொன்னார். பாடி நடித்துப் பேர் எடுத்த கதாநாயகன். தெருவில் இறங்கினால் சனம் கூடும். ஆனால் பகல் சாப்பாடு முடிந்ததும் தொப்பியை நெற்றிவரை இழுத்துக்கொண்டு தனியாகப் புறப்படுகிறார். தினமும். கோட்டைப் பகுதியில் பட விநியோகஸ்தரைப் பார்க்கவாம்.

செவ்வாய்

அண்ணா, தேத்தண்ணி குடித்தபடி: "அந்த ஆள் போன கிழமையே கண்டிக்குப் போயிட்டானே."

அப்படியென்றால் இவர் யாரைப் பார்க்கப் போகிறார்?

புதன்

பனங்கற்கண்டு டப்பாவில் பாதி இல்லை. இவர் கோட்டுப் பையில் அதன் துகள். யாருக்கு?

இன்னொன்று. முன்பு குளிக்கும்போதுகூடப் பாடுவார். இப்போது முணுமுணுப்பும் இல்லை. சளி, தடிமன் என்று பேச்சும் மெதுவாகத்தான். எனக்குப் பாடாதவர் எங்கே பாடுகிறார்? போன படத்தில் கூட நடித்தவளுக்குக் கொழும்பில் சொந்தம் உண்டாம். அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

தலையிடி.

வியாழன்

பின்னால் போனேன். ரயிலில் அவர் முன் பெட்டி, நான் பெண்கள் பெட்டி, தலையில் முக்காடு. கோட்டையில் அவர் ரிக்‌ஷா பிடித்தார். நானும்.

கொட்டாஞ்சேனை. மாதா கோயிலுக்குப் பின்னால் சந்து போல ஒரு ஒழுங்கை. பச்சைக் கதவு வீட்டுக்குள் நுழைந்தார்.

யன்னலடியில் நின்றேன். உள்ளே ஒரு பெண்: "தேத்தண்ணி ஊத்தட்டா?" பிறகு பாட்டு. இவர் முதல் படத்தில் தோணியில் நின்று பாடியது. அதே இழுப்பு, அதே குழைவு. கலியாணத்துக்கு முன் இசைத்தட்டுத் தேயத் தேய நான் கேட்ட குரல்.

கதவைத் தள்ளினேன்.

இவர் நாற்காலியில் இருந்தார், வாய் மூடியபடி. பாடியது வேறொரு மெலிந்த மனிதர். சூசை; துறைமுகத்தில் கிளாக்கர், கோயிலில் பாடுகிறவர். முன்னால் தட்டில் பனங்கற்கண்டு. தேத்தண்ணி கொண்டுவந்தது அவர் மனைவி றோசலின். நிறைமாதம்.

இவர் கோபப்படவில்லை. "வெளியில நின்னு கேட்டியா?"

"ஓம்."

"நான்தான்னு நெனச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஓம்."

இவர் எழுந்து சூசையைக் கும்பிட்டார்.

வெள்ளி

எல்லாம் சொன்னார். தொண்டையில் கட்டி. இனிப் பாட முடியாது. மதராசில் பட முதலாளிக்கு மட்டும் தெரியும். "முகம் உன்னோடதே இருக்கட்டும், குரல் ஒண்ணு தேடிக் கொண்டாங்கறார்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ என் குரலைத்தானே கட்டிக்கிட்டே."

அழுதேன்.

சூசையின் பெயர் படத்தில் வருமா என்று கேட்டேன். வராதாம். வெளியில் சொல்லவும் கூடாதாம். சூசை சம்மதித்துவிட்டார். றோசலினை யாரும் கேட்கவில்லை.

ஆவணி, ஞாயிறு

மறுபடி கொழும்பு. நல்ல வெயில். புதுப் படம், பகல் காட்சி. விளக்கணைந்த பிறகு பால்கனியில் போய் இருந்தோம்.

பாட்டு வந்ததும் சனம் அசையவில்லை. முன்னால் ஒருத்தி: "முந்தியை விட நல்லாப் பாடுறார், என்ன?"

இவர் திரையைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். "யாராச்சும் கண்டுபிடிச்சிட்டாங்களா?" மூன்று தரம் கேட்டுவிட்டார்.

அப்போது கீழே ஒருத்தி எழும்பினாள். றோசலின். பாடப் போன சூசை மதராசிலேயே இருக்கிறார், தனியாக வந்திருக்கிறாள். கைக்குழந்தையைத் திரைக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"கேளு மகன். அப்பா பாடுறார்."

சுற்றியிருந்தவர்கள் திரையில் இவர் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு அவளை. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "சீ, வெக்கமில்லாதவள்," என்றது ஒரு ஆண் குரல். சிரிப்பு பரவியது. அவள் குழந்தையை இறக்கவில்லை.

இவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். நான் எழும்பவில்லை.