ஊசி பாதியைத் தாண்டினால்

மார்ச் 4, செவ்வாய்

எங்களைக் கம்பெனிக்கு ஏற்றிப்போகிற அண்ணியின் வேன் பாலத்து ஏற்றத்தில் இன்றும் கொதித்துவிட்டது. முன்பக்கம் ஆவி கிளம்பியதும் அண்ணி ஓரம் கட்டினாள். “யாரும் மூடியத் தொடாதீங்க, முகம் வெந்துடும்” என்றாள். நாங்கள் எல்லோரும் இறங்கி, சந்தைக்கு ஓட்டிப்போகிற ஆடுகள் மாதிரி சாலையோரம் நின்றோம். மூன்றாவது வரிசையில் உட்காரும் அக்கா மட்டும் இறங்கவில்லை. “இருக்கட்டும்மா, கம்பெனில கான்டீன் டீ ஆறிப்போய்த்தான் வருது. இங்கயாவது சூடா ஏதாவது இருக்கே.”

போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. எல்லோருக்கும் பாதி நாள் சம்பளம் போச்சு. கம்பெனி ஏற்பாடு செய்த வண்டி, கம்பெனி சொன்ன வழி, ஆனால் தாமதம் மட்டும் எங்களுடையது. எந்த ஊர் நியாயம் இது? நாள் முழுக்க மருந்துப் புட்டிக்கு மூடி போடுகிற கை, கேட்டுக்கு வெளியே வெயிலில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 6, வியாழன்

காண்ட்ராக்டர் எங்கள் தெருமுனைக்கே வந்துவிட்டான். கம்பெனிக்கு வண்டிகள் விடுவது அவன். அண்ணியின் வண்டி அவனிடம் ஓடுகிறது.

“ஏம்மா, காயலான் கடைக்குப் போக வேண்டியத ரோட்டுல ஓட்டினா இப்படித்தான். இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா ரூட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்.”

“வண்டி பழசுதாங்க. சூடுதான் புதுசு” என்றாள் அண்ணி.

எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. ஆனால் பயமாகவும் இருந்தது. அவன் கொண்டுவரப்போகிற வேறு வண்டி மெயின் ரோட்டில்தான் நிற்குமாம், தெருவுக்குள் வராதாம். வேலை முடிந்து இருட்டில் அந்தக் குப்பைமேட்டு வழியாக நடந்த நாட்களை நாங்கள் மறக்கவில்லை. அண்ணிக்கோ வண்டி போனால் எல்லாமே போச்சு. பள்ளிக்கூடம் ஒன்று கழித்துக்கட்டிய வண்டியை, ஊரே சிரிக்கச் சிரிக்க வாங்கி, ஓட்டிக் காட்டியவள்.

போகும்போது, “போர்டத் தொடச்சு வையி, என் பேர் மங்கிக் கெடக்கு” என்றான். தகரப் போர்டு. கதவு அகலம். அவன் பெயர் யானை அளவு, கம்பெனி பெயர் எறும்பு அளவு. கம்பெனிக்கு ஆள் ஏற்றும்போது வண்டியின் முன்னால் கொக்கியில் மாட்ட வேண்டும். இறக்கிவிட்டதும் கழற்றிப் பின் சீட்டுக்கடியில் வைக்க வேண்டும். தன் பெயரோடு யாரும் சொந்த சவாரி ஓட்டிவிடக் கூடாதாம். பெயருக்குக்கூடக் காவல் போடுகிறவன்!

மார்ச் 8, சனி

வண்டி மெக்கானிக் கடையில். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். தண்ணீரைத் திறந்துவிடுகிற சின்ன வால்வைப் புதிதாகப் போட்டார். பெல்ட்டை அமுக்கிப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாலத்து ஏற்றத்தில் அவரே ஓட்டி, ஏறி இறங்கி வந்தார். சூட்டைக் காட்டுகிற ஊசி பாதியிலேயே நின்றதாம். “ஊட்டி வளர்த்த புள்ள மாதிரி இருக்கு உன் இன்ஜின். எடுத்துட்டுப் போம்மா.”

மார்ச் 10, திங்கள்

மறுபடி கொதித்தது. அதே ஏற்றம்.

மார்ச் 12, புதன்

வாட்டர் பம்ப்பும் மாற்றியாகிவிட்டது. கடையில் ஓட்டினால் சரியாக இருக்கிறது, எங்களை ஏற்றினால் கொதிக்கிறது. நான் பொறுக்க முடியாமல், “ஒவ்வொண்ணா கழட்டி ஏமாத்துறீங்களா?” என்று மெக்கானிக்கிடம் கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, “எனக்குப் பிடிபடலம்மா” என்றார். “தலைப்பக்கம் கேஸ்கட் போயிருந்தா தண்ணில குமிழி வரும். வரல. எண்ணெயில தண்ணி கலக்கல. இதுக்கு மேல கழட்டினா அது வைத்தியம் இல்ல, கொள்ளை.”

தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிற ஆட்கள் என் வாழ்க்கையில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்? எங்கள் கம்பெனியில் ஒருவன்கூட இல்லை. திரும்பும்போது அண்ணி என்னைத் திட்டினாள். திட்டட்டும்.

மார்ச் 15, சனி

அண்ணன் சாப்பாட்டின் நடுவில் அண்ணியிடம் ஆரம்பித்தான். “வித்துடு. வர்ற விலைக்குத் தள்ளிடு.”

“எதனால சூடாகுதுன்னு தெரியாம விக்க மாட்டேன்.”

“தெரிஞ்சு என்ன பண்ணப்போற, அதுக்குக் கல்யாணமா பண்ணப்போற?”

“ஒண்ணு பண்ணிப் பட்டது போதாதா?”

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அண்ணி நிஜமாகவே வேறெங்கோ இருந்தாள். சோற்றைப் பிசைந்தபடி விரலால் தட்டில் வழி போட்டுக்கொண்டிருந்தாள். இது பாலம், இது சிக்னல், இது கேட்.

மார்ச் 16, ஞாயிறு

அண்ணியின் கணக்கு எளிமையானது. கடையில் ஓட்டுவதற்கும் எங்களை ஏற்றி ஓட்டுவதற்கும் என்ன வித்தியாசம்? பாரம், நேரம், வழி, ஆட்கள். ஒவ்வொன்றாகத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும் என்கிறாள். “ரெண்ட சேர்த்து மாத்தினா, எது குத்தவாளின்னு தெரியாமப் போயிடும்டி. உங்க சூப்பர்வைசர் எல்லாரையும் சேர்த்துத் திட்டுவானே, அப்படி ஆயிடும்.”

இன்று பாரம். கட்டடம் கட்டுகிற இடத்தில் கெஞ்சி மணல் மூட்டை வாங்கி, சீட்டுக்கு ஒன்றாக உட்காரவைத்தோம். வேலைக்குப் போகிற அதே நேரம், அதே ஏற்றம். நான் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியைத் தாண்டவே இல்லை.

“அப்போ பாரம் இல்ல” என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குப் புரியவில்லை, இதில் என்ன சந்தோஷம்? “ஒண்ணு கழிஞ்சுதுல்ல?” என்றாள். தோற்றதை லாபமாக எழுதிக்கொள்கிற மனுஷியோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். இத்தனை நாள் கவனிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

சீக்கிரம் கிளம்பி, பாலத்துக்குக் கீழே நிறுத்தி, ஆறவிட்டு ஏறுகிறோம். இப்படி எத்தனை நாள் ஓட்ட முடியும்? மூன்றாம் வரிசை அக்கா சொல்கிறாள்: “மணல் ஏறினா சூடாகல, நாம ஏறினா சூடாகுது. நம்ம வயித்தெரிச்சல்தான்மா காரணம்.” எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. “ஞாயித்துக்கிழமை எல்லாரும் வருவீங்களா?” என்று கேட்டாள்.

வாரத்தில் கிடைக்கிற ஒரே நாள். துணி துவைக்க, தலைக்குக் குளிக்க, பிள்ளைகள் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க. கேட்பதற்கே ஒரு தைரியம் வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

எல்லோரும் வந்தார்கள். ஒருத்திகூட விட்டுப்போகவில்லை. வழக்கமான இடத்தில் வழக்கம்போல உட்கார்ந்தார்கள். வண்டி பாலத்தில் ஏறியது. ஊசி பாதி. சிக்னல் — பாதி. கம்பெனி கேட் வரை போய்த் திரும்பினோம். பாதிதான்!

“ஞாயித்துக்கிழமை அதுக்கும் லீவு போல” என்றாள் அக்கா. அண்ணி பாலத்துக்குக் கீழே நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். எல்லாவற்றையும் கழித்துவிட்டாள், இனி கழிக்க எதுவுமில்லை.

எல்லோரும் இறங்கி வண்டிக்கு முன்னால் நின்றோம். அக்கா சும்மா இருக்க மாட்டாளே. “இன்னிக்கு இது மூஞ்சியே நல்லா இருக்கு டிரைவரம்மா. பல்லக் காட்டிச் சிரிக்குது பாரு” என்றாள். முன்பக்கத்துக் கம்பி வரிசையைச் சொன்னாள். மற்ற நாளில் நாங்கள் அந்தப் பல்லைப் பார்ப்பதில்லை. மற்ற நாளில் அங்கே—

அண்ணி ஓடினாள். பின் சீட்டுக்கடியிலிருந்து போர்டை இழுத்துக்கொண்டு வந்து முன்னால் மாட்டினாள். “ஏறுங்க எல்லாரும்.”

ஏற்றத்தின் நடுவிலேயே ஊசி பாதியைத் தாண்டியது. கழற்றிவிட்டு ஓட்டினாள். இறங்கியது. மறுபடி மாட்டினாள். ஏறியது. “போதும் அண்ணி, தெரிஞ்சு போச்சு” என்றேன். “ஒரு தடவைன்னா தற்செயல்னு காண்ட்ராக்டர் சொல்லிடுவான்” என்று இன்னொரு முறை ஓட்டினாள். வண்டி கொதிப்பதைப் பார்த்துக் கைதட்டிய பெண்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

ரேடியேட்டருக்குப் போகிற காற்றை அவன் பெயர் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. மெக்கானிக்குக் கடைசிவரை தெரிய வழியே இல்லை. கடைக்குப் போகும்போது போர்டைக் கழற்ற வேண்டும் என்பதும் அவன் சட்டம்தானே!

மார்ச் 24, திங்கள்

காண்ட்ராக்டர் நம்பவில்லை. “மழைக்காலத்துலருந்து போர்டு அங்கதான் தொங்குது. அப்பல்லாம் சூடாகலையே?”

“அப்ப காத்தே குளிரா இருந்துச்சுங்க. இப்ப வெயில் ஏறிடுச்சு, காத்தும் அடைச்சா எப்படித் தாங்கும்?”

“மத்த வண்டியெல்லாம் ஓடுதே?”

அண்ணி பதில் சொல்லும்வரை அவன் நிற்கவில்லை. “போர்டு முன்னாடி இல்லன்னா கேட்டுக்குள்ள வராத” என்று போய்விட்டான். எனக்கு அந்தத் தகரத்தைத் தூக்கி அவன் காரின் மேல் எறிய வேண்டும் போலிருந்தது.

மார்ச் 25, செவ்வாய்

மத்த வண்டியெல்லாம் ஓடுதே. இந்த ஒரு கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை போல. எங்களை இறக்கிவிட்டதும், வண்டிகள் நிற்கிற மைதானத்துக்குப் போய் ஒவ்வொரு டிரைவரிடமும் பேசியிருக்கிறாள். முதலில் எல்லோரும், “என் வண்டியா? ஐஸ் மாதிரி ஓடுது” என்றார்களாம். இவள் தன் வண்டி கொதித்த கதையை ஒளிக்காமல் முழுதாகச் சொன்ன பிறகுதான் வயதான டிரைவர் ஒருவர் சீட்டைத் தூக்கிக் காட்டினாராம். அடியில் தண்ணீர்க் கேன்கள். பிறகு அடுத்தவர். பிறகு அடுத்தவர். எல்லா வண்டியும் கொதிக்கிறது. ஒவ்வொருவரும் தன் வண்டிக்கு மட்டும் வந்த கேடு என்று நினைத்து, ரூட் போய்விடும் என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. நாங்களும் இப்படித்தானே இருக்கிறோம். பாதி நாள் வெட்டு விழுந்தால் ஒவ்வொருத்தியும் தன் தலையெழுத்து என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம். அண்ணி கோஷம் போடவில்லை. தன் அவமானத்தை முதலில் எடுத்து வெளியே வைத்தாள், அவ்வளவுதான். என்னால் முடிந்திருக்காது. நான் கத்தியிருப்பேன்.

மார்ச் 28, வெள்ளி

மைதானத்தில் பேசிவைத்தபடி, இன்று காலை எல்லா வண்டிகளும் போர்டைக் கூரைமேல் கட்டிக்கொண்டு வந்தன. வரிசையாக. அண்ணி முதலில்.

கேட் சூப்பர்வைசர் கையைக் காட்டி நிறுத்தினார். “போர்டு ஏன் மேல இருக்கு?”

“கீழ இருந்தா வண்டி கொதிக்குது சார்.”

“எந்த வண்டி?”

“எல்லா வண்டியும்” என்றார் பின்னாலிருந்து அந்த வயதான டிரைவர்.

சூப்பர்வைசர் வரிசையைப் பார்த்தார். மணி அடிக்கப்போகிறது. உள்ளே மெஷின்கள் ஆளுக்குக் காத்திருக்கின்றன. ஒரு வண்டியென்றால் திருப்பியனுப்பியிருப்பார். கேட் திறந்தது. அண்ணி கியரைப் போட்டு வண்டியை உள்ளே விட்டாள்.

ஏப்ரல் 3, வியாழன்

காண்ட்ராக்டரின் உத்தரவு வந்துவிட்டது. இனி எல்லா வண்டியிலும் போர்டு கூரைமேல்தான் இருக்க வேண்டுமாம். தூரத்திலிருந்தே பெயர் தெரியுமாம். தீர யோசித்து அவன் எடுத்த முடிவாம்! எனக்கு வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அவனுக்கும் காத்து வேணும்ல, விடு.” மெக்கானிக் போன் போட்டு, கொக்கி எந்தக் கம்பியில் மாட்டியிருந்தது, எவ்வளவு இடைவெளி என்று விடாமல் கேட்டாராம். அவரையும் இந்தக் கணக்கு தூங்கவிட்டிருக்காது.

ஏப்ரல் 22, செவ்வாய்

தூங்கிவிட்டேன். தலைவாரிக்கொண்டே தெருமுனைக்கு ஓடினால், வண்டி கிளம்பிவிட்டது. கத்தினேன். கை ஆட்டினேன். மூன்றாம் வரிசை அக்கா பின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து டாட்டா காட்டினாள். அண்ணி நிறுத்தவில்லை. நாத்தனார் என்றாலும் நேரம் நேரம்தான்.

நான் போனபோது கேட் மூடியிருந்தது. பாதி நாள் போச்சு. இந்தத் தடவை தாமதம் என்னுடையதுதான். வேலியோரம் தனியாக நின்றேன். உள்ளே எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் வேலையில் இருந்தார்கள்.