தயிரில் கரைந்த மை

பெஷாவர்,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய அண்ணன் பக்த்ரவான் லாலாவுக்கு,

தம்பி இஸ்ரார் எழுதுவது. ஷார்ஜா வெயிலில் கிரேன் ஓட்டும் உங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கட்டும். போனில் போலியோ என்று வாயெடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால் அங்கே வர இன்று விமானம் ஏறும் ஹஷ்மத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. கூரை ஒழுகலை நானே அடைத்துவிட்டேன்.

என் வேலை உங்களுக்குச் சிரிப்பு. "படிச்சுட்டு சாக்கடை அள்ளுறான்" என்று கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். அள்ளுகிற தண்ணீர் சோதனைச்சாலைக்குப் போகிறது. போன மாதம் நம் தெரு ரொட்டிக்கடைக்குப் பின்னால் எடுத்ததில் போலியோ கிருமி இருக்கிறது. வாய் வழியாகப் போய், குடலில் பெருகி, மலத்தில் வெளியேறும் கிருமி. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அறிகுறி ஒன்றும் தெரியாது, ஓடியாடிக்கொண்டே பரப்புவார்கள். இருநூறில் ஒரு பிள்ளைக்கு நரம்பில் ஏறிக் காலை முடக்கும். முடங்கிய பிறகு மருந்து கிடையாது. அது எந்தப் பிள்ளை என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

உங்கள் மகள் குல்பானாவின் சுண்டுவிரலில் சொட்டு மருந்து போட்டதற்கான மை இருந்தது. அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். நேற்று அவள் தயிர்க் கிண்ணத்தில் கையை விட்டாள். தயிர் ஊதாவாகிவிட்டது. எங்கள் ஆட்கள் வைக்கும் மை தயிருக்கெல்லாம் கரையாது. அண்ணியைக் கேட்டேன். "உங்க அண்ணன்தான் பேனாவால பூசிடுன்னாரு. அவர் வாயால சரின்னு சொல்லட்டும், நானே தூக்கிட்டு வரேன் தம்பி. இல்லன்னா என்னை எங்கப்பா வீட்டுக்கு அனுப்பிடுவாரு" என்று அழுதார்.

சொட்டு மருந்து போட்டால் பின்னால் பிள்ளை பிறக்காது என்று எவனோ சொன்னதை நம்புகிறீர்கள். நம் இருவருக்கும் அம்மா அதைப் போட்டுத்தான் வளர்த்தார். உங்களுக்கு மகள் பிறந்தாளா, இல்லையா?

நான் ஒளித்துக் கொடுத்துவிடலாம். ஒரு தடவை போதாதே, பல தடவை கொடுக்க வேண்டும். தெரிந்தால் பழி அண்ணி தலையில் விழும்.

காலையிலிருந்து குல்பானாவுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. வெறும் காய்ச்சலாகவும் இருக்கலாம். போலியோவும் காய்ச்சலில்தான் தொடங்கும் லாலா. முற்றத்தின் அந்தக் கோடியில் அவளை விட்டு, இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். ஓடி வருகிறாள். "சும்மா சும்மா கூப்பிடுறீங்க சித்தப்பா, ஒண்ணும் குடுக்க மாட்டேங்குறீங்க" என்று கோபித்துக்கொண்டாள். கடலைமிட்டாய் கொடுத்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டேன்.

அல்லா உங்களையும் அவளையும் காக்கட்டும். அண்ணிக்கு ஒரு போன் போடுங்கள். கூப்பிட்டால் அவள் ஓடி வருகிறபோதே போடுங்கள்.

உங்கள் அடங்காத தம்பி,
இஸ்ரார்