ஊசித் தலையில் ஒட்டிய காசு

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, ரெக்கார்டு பிளேயர் மேலிருந்த ஊதாத் துணியை எடுத்தேன். தவக்காலத்தில் கோயிலில் சுரூபங்களை மூடுவதுபோல நீங்கள் இதையும் மூடிவிடுவீர்கள். இந்த வருஷம் நான் மூடினேன். துணியை எடுத்ததும் மெஷின் எண்ணெயும் பழைய மரமும் கலந்து உங்கள் வேலைச் சட்டையின் வாசனை அடித்தது.

நீங்கள் கண்ணை மூடியபிறகு அதில் நான் பாட்டுப் போட்டதே இல்லை. அன்றைக்குத்தான் நம் கல்யாணத்துக்கு வாங்கிய மாதா பாட்டுத் தட்டைப் போட்டேன். முதல் சரணம் வந்தது, கொஞ்சம் மங்கலாக. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது வரவேண்டிய இடத்தில் வெறும் இரைச்சல். அதுதானே உங்கள் சரணம்! ஊசியைத் தூக்கித் தூக்கி அங்கேயே வைப்பீர்கள். "இந்த எடத்துலதாம்மே மாதா நேரா நம்ம வூட்டுக்குள்ள வர்றாங்க" என்பீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் தலையை நீட்டினாள். "இன்னாக்கா, மாதா பாட்டு போட்டியா, மாவு மில்லு போட்டியா?"

"பண்டிகை நாள்ல வாய வெச்சிகினு சும்மா இருடி" என்றேன். சொல்லிவிட்டு ஊசியைத் தூக்கி வைத்தேன்.

சாயங்காலம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து வந்த நம் மகன், பிளேயர் முன்னால் குந்திப் பார்த்தான். பார்த்தவன் சிரித்துவிட்டான். "யம்மா, ஊசி தலைல காசு ஒட்டிக்கீது! நைனா வேலையா இது?"

உங்கள் வேலைதான். ரோட்டில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் தரை அதிர்ந்து ஊசி குதிக்கிறது என்று, ஒரு காசை ஒட்டி கனம் ஏற்றினீர்கள். கிரேன் ஓட்டுகிற ஆளுக்குக் கனம் வைத்து நிறுத்தத் தெரியாதா என்று நானும் பெருமைப்பட்டேன்.

"அந்த கனம் இத்தினி வருஷமா தட்ட சொரண்டிகினு இருந்துக்கீதும்மா. ஊசியும் மொட்ட. எல்லாத்தையும் மாத்திடலாம். புது ஊசி, சத்தத்த ஏத்துற புது ஆம்ப், பெரிய ஸ்பீக்கர் பெட்டி. நைனா சரணம் அப்படியே திரும்ப வரும் பாரேன்."

"அவரு கை வெச்சதுடா எல்லாம்."

"அவரு கை வெச்சதாலதாம்மா இப்புடி கீது."

அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்தது. மாற்றினால் உங்கள் கையைத் தட்டிவிட்டது மாதிரி. மாற்றாவிட்டால் மிச்சமிருக்கிற பாட்டும் தேய்ந்து போகும். மாதா முன்னால் மெழுகுவத்தி ஏற்றி வைத்துக் கேட்டேன். ஆம்ப் விஷயத்தில் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சரணம் திரும்ப வரும் என்ற ஒரே ஆசைதான் என்னைத் தள்ளியது. "மொதல்ல ஊசிய மட்டும் மாத்து" என்றேன். அவன் காசை எடுத்துவிட்டு ஊசியை மாற்றினான்; லாரி அதிர்வு தாக்காமல் இருக்க, சுவரில் பலகை அடித்து பிளேயரை அதன்மேல் தூக்கி வைத்தான்.

புது ஊசியில் முதல் சரணம் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. பாடுகிற அம்மா மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இரண்டாவது இன்னும் தெளிவு. ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்றாவது வந்தது. இரைச்சல்தான். முன்னைவிடத் தெளிவான இரைச்சல்.

"ஆம்ப் மாத்தினா வர்லாம்மா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"தட்டுலயே இல்லாதத ஆம்ப் எங்கேர்ந்துடா கொண்டாரும்? பெரிய பெட்டி வெச்சா எரச்சலும் பெருசாத்தான் கேக்கும். வேணாம், வுடு."

அவன் போனபிறகு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தட்டு ஒரே நாளில் இப்படித் தேயாதே. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இப்படித்தானே இருந்திருக்கும்? ஆனால் அந்தச் சரணத்தை நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முழுசாகக் கேட்டேனே! அப்போதுதான் உறைத்தது. அந்த இடம் வந்ததும் நீங்கள் குரலை உயர்த்திக் கூடவே பாடுவீர்கள். நான் அடுப்படியில் இருந்தபடி, பாட்டு ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

தட்டில் அது போய்விட்டது தெரிந்துதான் பாடினீர்களா? எனக்குத் தெரியக்கூடாது என்று பாடினீர்களா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

அந்தச் சரணம் எனக்கு மனப்பாடம். கடைசி அடியை நீங்கள் ராகம் தப்பித்தான் முடிப்பீர்கள். பாடிப் பார்த்தால் எனக்கும் அந்தத் தப்பு ராகம்தான் வருகிறது.