அரசாணிப்பானையும் கொஞ்சம் பேஸும்

1983 பிப்ரவரி 6, ஞாயிறு

புல்லட்டுக்கு இன்று டேப் பொருத்தியாயிற்று. காருக்கென்று செய்த டேப். எங்களிடம் கார் இல்லாதது ஒரு சின்னக் குறைதான், சரிக்கட்டிவிடலாம் என்றார் மணியன். மல்லசமுத்திரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர், என் கணவர் கந்தவேலின் பள்ளித் தோழர். அவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்.

(புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். எழுதினால் குறையும் என்று யாரும் சொல்லவில்லை. எழுதுகிறேன்.)

கந்தவேல் போர்வெல் போடும் ரிக் வண்டியில் ட்ரில்லர். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் பாறையைத் துளைத்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். வந்தால் பேசவேண்டும் என்று நான் சேர்த்து வைத்திருப்பது ஒரு பஞ்சாங்கம் அளவு இருக்கும். இந்தத் தடவை வந்தவுடனே டேப் முந்திக்கொண்டது.

சாயந்திரம் இருவரும் காளிப்பட்டி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். வண்டியை விட்டு இறங்கும்போதே தீர்ப்பு: "பேஸ் பத்தல."

பிப்ரவரி 8

பேஸ் என்றால் என்ன என்று கேட்டேன். இரண்டாம் தடவை கேட்டபோதுதான் பதில் வந்தது.

"நெஞ்சுல உளுவோணும் புள்ள. காதுல உளுந்தா மட்டும் பத்தாது."

காதில் விழுந்தால் போதும் என்று நம்பி இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டேன்.

பிப்ரவரி 9

ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்து வைத்தால் பேஸ் கூடுமாம். டீக்கடைகளில் எல்லாம் அப்படித்தான். ஆனால் டீக்கடை ரோட்டில் ஓடுவதில்லை. இந்த வித்தியாசத்தை நான் எடுத்துச் சொன்னபோது கணவரும் நண்பரும் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

பால் கேன் மாட்டும் இரும்பு வளையத்தில் இடப்பக்கம் பானை. வலப்பக்கம் பெட்டிக்குள் கார் பேட்டரி. நடுவில் என் கணவர். பொதிக்கழுதை தோற்றது.

பிப்ரவரி 11

சாப்பிடக் கூப்பிட்டேன். வீட்டு முன்பக்க ஆசாரத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒயரைச் சீவிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை. வாசலிலிருந்து மணியன் "கந்தா" என்று முனகினார் — முனகல்தான் — உடனே எழுந்து போனார்.

நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கும் குரல் என்னுடையது. ஹெட்மாஸ்டரே சில சமயம் உட்கார்ந்துவிடுவார். இந்த ஒரு மனுஷனிடம் மட்டும் ஏன் எடுபடவில்லை?

மாமியார் காளியாத்தாளிடம் சொன்னேன். சிரித்தார். "ஆம்பளைங்க காது அப்படித்தான் சாமி. உங்க மாமனாருக்கு நாஞ்சொன்னது என்னைக்கு உளுந்துச்சு? குடும்பம் ஓடுச்சல்ல?"

ஓடியது. யார் துரத்தி ஓடியது என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 13

வண்டியைக் குழியில் விட்டதில் பானை உடைந்தது. மனம் குளிர்ந்தது.

பிப்ரவரி 14

குளிர்ந்த மனம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், சமையலறைத் தரையில் புளி கொட்டிக் கிடக்கிறது. புளி இருந்த பானை வண்டியில் இருக்கிறது. அது எங்கள் அரசாணிப்பானை! கல்யாணப் பந்தலில் சுண்ணாம்பும் செம்மண்ணும் பூசி நிறுத்திய பானை. அதைச் சுற்றி வந்துதான் இந்த மனுஷனுக்கு நான் வாழ்க்கைப்பட்டேன். அன்று அதை நாங்கள் சுற்றினோம், இனி அது எங்கள் ஊரைச் சுற்றும்.

கத்தினேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, அப்படிக் கத்தினேன். ஏனுங், உங்களுக்கு வேற பானையே கெடைக்கலீங்களா? ஊர்ல பானைக்கா பஞ்சம்?

அவர் பானை மேல் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "பழைய மண்ணு புள்ள. தட்டிப் பாரு. புதுசுல இந்தச் சத்தம் வராது."

பாட்டு ஓடும்போது பானை வயிற்றில் கை வைத்துக்கொள்கிறார், சினை மாட்டைத் தடவுவதுபோல. என்னை அப்படித் தடவிப் பார்த்த ஞாபகம் இல்லை.

பிப்ரவரி 17

ரிக்குக்குக் கிளம்பினார். "போயிட்டு வாரேன்." பானைக்குச் சாக்கு போர்த்திவிட்டுப் போனார். வெயில் படக்கூடாதாம்.

ஏப்ரல் 19

வந்துவிட்டார். இன்னும் பேஸ் வேண்டுமாம். மணியன் ஸ்பீக்கரை மாற்றப்போகிறார்.

எனக்கு ராசிபுரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியை வேலை தருகிறேன் என்கிறார்கள். தினம் பஸ்ஸில் போய் வரவேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும். காலையில் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி, "போகட்டுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா."

ஆமாவா! எது ஆமா? "வேண்டாம்னு எழுதிக் குடுத்துரட்டுங்களா?" என்றேன்.

"செரி செரி."

என் இருபது வருஷ உழைப்பை மோர் வேண்டாம் என்பதுபோல ஒதுக்கிவிட்டார். எழுதிக் கொடுக்கப் போவதில்லை. கெடு ஜூன் வரை இருக்கிறது. அதுவரை இவரிடம் பேசப்போவதும் இல்லை.

ஏப்ரல் 22

மூன்று நாளாகப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 24, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ராசிபுரத்தில் கல்யாணம். வண்டியில் போனோம். பேட்டரி இறங்கிவிட்டதால் டேப் பாடவில்லை. பானை சும்மா தொங்கிக்கொண்டு வந்தது. திரும்பும் வழியில் பின்னால் ஒரு லாரி, வழி கேட்டுக் கீச்கீச்சென்று ஆரன். இவர் நடுரோட்டை விடவில்லை. ஆரன் மேலும் மேலும் வருகிறது. வீம்பு என்று நினைத்தேன். முதுகில் குத்தினேன், ஓரம் போங்க என்று காதருகில் அலறினேன். "என்ன புள்ள?" என்று திரும்புகிறார்! வண்டி ஆடியது. லாரி உரசியது. மண்ணில் கிடந்தோம்.

சிராய்ப்புத்தான். பானை சுக்குநூறு.

லாரி டிரைவர் இறங்கி ஓடி வந்தார். கந்தவேல் அவர் சட்டையைப் பிடித்தார். "ஏய்யா, ஒரு ஆரன் அடிக்கத் தெரியாதா உனக்கு?"

"அரை மைலா அடிச்சிட்டே வாரனுங்களே!" என்றார் டிரைவர். அழுதுவிடுவார் போல இருந்தது. என்னைப் பார்த்தார். "உங்களுக்குமா கேக்கலீங்க அம்மிணி?"

எனக்குக் கேட்டது.

ஏப்ரல் 25

காலையில் அவர் முதுகுக்குப் பின்னால் அலாரம் கடிகாரத்தைப் பிடித்து அடிக்கவிட்டேன். அடித்து ஓய்ந்தது. அவர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 26

மணியன் கடைக்குப் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும் ஒயர் பற்றவைக்கும் இரும்பைக் கீழே வைத்தார்.

"ரிக்கு சத்தமுங்க டீச்சர். மெல்லிசான சத்தமெல்லாம் போயிருச்சு. குருவி, மணி, பொம்பளைங்க குரலு — எல்லாம் பொகையாட்டம் இருக்குதுங்கறான். பாட்டுல அடிச்சத்தம் மட்டுந்தான் கேக்குது. அதுதான் பேஸு பேஸுன்னு..."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வருசமா."

ரெண்டு வருஷம்! ரேடியோ ரிப்பேர்காரருக்குத் தெரியும். பானைக்குத் தெரியும். கட்டினவளுக்குத் தெரியாது! நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கிழிந்ததும், இந்த நோட்டு முழுக்கத் திட்டித் தீர்த்ததும் எதற்காக? ஏன் சொல்லலீங்க?

வீட்டுக்கு வந்து அவர் எதிரில் உட்கார்ந்து, உதடு தெரியக் கேட்டேன். கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார்.

"செவுடன்னு தெரிஞ்சா ரிக்குல ஏத்த மாட்டாங்க. ஊர்ல பேரே செவுடன்னு ஆயிரும்." அப்புறம், "எப்பவும் உய்ய்னு ஒரு சத்தம் புள்ள. பேஸ் பாட்டு ஓடுனா அது அடங்குது."

ஏப்ரல் 29

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் காது டாக்டர். போனது திரும்பாது என்றார். இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் ரிக் கூடாது, டேப்பின் சத்தத்தையும் பாதியாகக் குறைக்கவேண்டும். கடைசியில் என்னைப் பார்த்து, "ஏன்ம்மா, கூடவே இருக்கீங்க, இத்தனை நாள் கவனிக்கலையா?"

வருஷத்தில் எத்தனை நாள் கூடவே இருந்தோம் என்று அவருக்கு யார் சொல்வது?

மே 3

ரிக் முதலாளி வீட்டுக்குப் போய், இவருக்குக் காது போனதைச் சொன்னேன். தனியாக. காப்பி கொடுத்தார்கள்.

"ட்ரில்லருக்குக் காது எதுக்குங்க டீச்சர்? கல்லு மாறுனா கைக்குத் தெரியும். உங்க ஊட்டுக்காரரு கை தங்கக் கை. பஞ்சு வெச்சுக்கச் சொல்லுங்க."

முதலாளிக்குக் காது கூர்மை. உள் அறையில் போன் மணி அடித்ததும் எழுந்து போனார். ரிக் பக்கமே போகாத காது அது. பஞ்சு! பாறையை உடைக்கிற இரைச்சலுக்குப் பஞ்சு! காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அந்த வீட்டில் என்னால் முடிந்த கலகம் அவ்வளவுதான்.

மே 8

பேட்டரி ஏற்றி டேப்பைப் போட்டுப் பார்த்தார். சத்தம் பாதி. பானை இல்லை. கொஞ்ச நேரம் கையைத் தொடை மேல் வைத்திருந்தார். அணைத்துவிட்டார்.

மே 20

ரிக்கை விட்டாயிற்று. போர்வெல்லில் மோட்டார் இறக்கும் வேலைக்கு உள்ளூரிலேயே ஆள் தேடுகிறார்கள், அதற்குப் போகிறார்.

ஜூன் 4

குரலை இறக்கிப் பேசப் பழகுகிறேன். மெதுவாக அல்ல, அடியிலிருந்து. கொல்லையில் எருமையிடம் ஒத்திகை. மாமியார் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார், தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து.

சாயந்திரம் அந்தக் குரலில் ராசிபுரம் வேலையைப் பற்றி முதலிலிருந்து சொன்னேன். கேட்டார். முழுக்கக் கேட்டார். பிறகு கோபம் வந்தது அவருக்கு!

"இத ஏன் புள்ள எங்கிட்ட முன்னாலயே சொல்லல?"

என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல பதில் வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்ததில்லை.

"போ. பஸ்ஸெல்லாம் எதுக்கு? வண்டியில நானே கொண்டி உட்டுட்டு வாரேன். கண்ணாடி ரெண்டு பக்கமும் மாட்டிக்கறேன். பின்னால வர்ற ஆரனுக்கு நீதான் காது. தோளத் தட்டு."

ஜூன் 12, ஞாயிறு

குயவர் சென்னிமலையின் சூளைக்குப் போனேன். எங்கள் கல்யாணத்துக்குப் பானை செய்தவர் அவர்தான். டாக்டர் சொன்ன பாதிச் சத்தத்திலேயே நெஞ்சில் விழவேண்டும் என்றால் வயிறு இன்னும் பெருத்திருக்க வேண்டும் என்று மணியன் கணக்குச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எதுவும் சரியில்லை.

"அரசாணிப்பானை மாதிரி வேணுமுங்க. அதவிடக் கொஞ்சம் பெருசா. பழைய மண்ணு போட்டு."

சென்னிமலை சக்கரத்தை நிறுத்தினார். "நல்லதுங்க டீச்சர். ஊட்ல யாருக்குங்க கல்யாணம்?"

"கல்யாணமெல்லாம் ஆயிருச்சுங்க. பேஸ்தான் பத்தல."